பழைய ராணுவ பேட்ஜில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய ராணுவ பேட்ஜ் ஒன்று கைக்கு வந்தால் இரண்டு கேள்விகள் வரும். இது அசல்தானா? இதற்கு ஏதோ ஆகியிருக்கிறதே, என்ன செய்வது? இரண்டுக்கும் பாதிப் பதில் பேட்ஜின் பின்பக்கத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் முன்பக்கத்தை மட்டும் பார்ப்போம், அதையும் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் பார்ப்போம். சேகரிப்பில் பாழாகும் பேட்ஜ்களில் காலம் கெடுத்ததைவிடக் கை கெடுத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

நம் பக்கத்துப் பழம்பொருள் கடைகளிலும் காயலான் கடைகளிலும் அகப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் தொப்பி பேட்ஜ், காலர் பேட்ஜ் ஒரு வகை. 1947க்கு முந்தைய இந்தியப் படையுடையது இன்னொன்று. 1950க்குப் பிந்தைய நம் ராணுவத்துடையது மூன்றாவது. இங்கே சொல்வது இவற்றுக்குத்தான். ஜெர்மன், ரஷ்ய பேட்ஜ்களுக்குக் கணக்கே வேறு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், டிஜிட்டல் காலிபர், மூங்கில் பல்குச்சி, பஞ்சு, காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன். எதைத் தொடும் முன்பும் முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது

எந்தப் பச்சை என்று முதலில் பாருங்கள். கரும்பச்சையாக, பிசுபிசுப்பாக, மூங்கில் குச்சியால் நெம்பினால் சுருண்டு வருகிறதா? அது சாதாரணக் களிம்பு. தொப்பியின் தோல் பட்டை, பழைய பாலிஷ், விரல் எண்ணெய் ஆகியவற்றில் உள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டானது. பின்பக்கத்தில், பற்றவைத்த இடங்களைச் சுற்றித்தான் அதிகம் இருக்கும். மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபினில் ஒரு சொட்டு வைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்து, அசிட்டோன் தொட்ட பஞ்சால் எண்ணெயைத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ வேண்டாம். அவற்றிலும் கொழுப்பு அமிலம் உண்டு. இன்று களிம்பை எடுத்துவிட்டு அடுத்த களிம்புக்கு விதை போட்ட கதையாகிவிடும்.

வெளிறிய பச்சையாக, பொடிப் பொடியாக, புள்ளி புள்ளியாக இருந்தால் விஷயம் வேறு. துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வரும், அடியில் சின்னக் குழியும் விழுந்திருக்கும். அருங்காட்சியகத்தார் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான். உலோகத்துக்குள் செம்புக் குளோரைடு இறங்கியிருக்கிறது. காற்றில் ஈரம் கிடைத்ததும் அது வினைபுரிந்து பச்சைப் பொடியையும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. அந்த அமிலம் புதிதாகச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. தானாக நிற்காது. குளோரைடு வருவது கடல் காற்றிலிருந்து, வியர்வையிலிருந்து, மண்ணில் புதைந்து கிடந்திருந்தால் மண்ணின் உப்பிலிருந்து. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ வீட்டு ஜன்னலோரம் பேட்ஜ் வைத்திருப்பவர்கள் இதை ஒருநாள் சந்தித்தே தீருவார்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. பொடியை நன்றாக எடுத்துவிட்டு, மூடியுள்ள டப்பாவில் நனைந்த பஞ்சு ஒன்றைப் பேட்ஜில் படாமல் வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். பச்சை மறுபடி தலைகாட்டினால் நோய் உயிரோடு இருக்கிறது. உடனே அந்த பேட்ஜைத் தனியே பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே சில வாரம் விட்டால் உப்பு ஓரளவு வெளியேறும். அப்புறம் அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி ஈரத்தை விரட்டி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். இது நோயை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களில் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது உடம்புக்கு ஆகாதது, வீட்டில் முயற்சிக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்றை ஏற்படுத்தியதே அங்கிருந்த வெண்கலச் சிலைகளுக்கு வந்த இந்த நோயைக் கவனிக்கத்தான். சோழர் காலத்துச் சிலையையே விட்டுவைக்காதது, பர்மிங்காமில் அடித்த பித்தளை பேட்ஜை விட்டுவைக்குமா?

புளி போட்டுத் தேய்த்தேன், இப்போது சிவப்பாக இருக்கிறது

நம் வீடுகளுக்கே உரிய கோளாறு இது. குத்துவிளக்கைத் தேய்க்கும் அதே கையோடு, புளியோ எலுமிச்சையோ பித்தளைப் பொடியோ போட்டு பேட்ஜையும் தேய்த்துவிடுகிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலம் பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்துபோகும், மேலே செம்பு மட்டும் மெல்லிய ஆடையாக மிஞ்சும். அதுதான் அந்த இளஞ்சிவப்பு. கரைந்த துத்தநாகத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. செம்பு ஆடை மிகவும் மெல்லியதாக இருந்தால் மென்மையான உலோகப் பாலிஷை ஒரே ஒரு தடவை, லேசாக, பஞ்சால் தடவி எடுத்துப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சில வருடங்களில் தானாகக் கறுத்து மற்ற இடத்தோடு ஒன்றிவிடும். தங்க முலாம் பூசிய அதிகாரி பேட்ஜாக இருந்தால் அந்த ஒரு தடவைகூடக் கூடாது.

ஆனால் எல்லாச் சிவப்பும் புளி வேலை இல்லை. பிரிட்டிஷ் பேட்ஜ்களுக்குப் பயன்படுத்திய பித்தளையில் சாதாரணப் பாத்திரப் பித்தளையைவிடச் செம்பு அதிகம். நிறமே சற்றுச் செம்மை கலந்த பொன்னிறமாக இருக்கும். பேட்ஜ் முழுக்க ஒரே சீரான செம்மை என்றால் அது அதன் இயல்பு. திட்டுத்திட்டாக இருந்தால்தான் புளி.

இடுக்கெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. வளைவில் மயிரிழை விரிசல்

வெள்ளை என்பது பழைய பாலிஷின் மிச்சம். எழுத்துகளுக்கு நடுவே, யானையின் காலிடுக்கில், கிரீடத்தின் மணிகளுக்கிடையே தங்கிவிடும். பெயின்ட் கரைக்கப் பயன்படுத்தும் வெள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த மூங்கில் குச்சி போதும். ஊசி, ஷேவிங் பிளேடு எதுவும் வேண்டாம். சில சேகரிப்பாளர்கள் இந்த வெள்ளையை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். ஒரு சிப்பாய் தினமும் தேய்த்து அணிந்த பேட்ஜ் என்பதற்கு அது அடையாளம் என்பார்கள். நான் எடுத்துவிடுகிற கட்சி. மிச்சமிருக்கும் பாலிஷ் ஈரத்தை இழுத்துப் பிடித்துக் களிம்புக்கு இடம் கொடுக்கும்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அம்மோனியா. பல பித்தளை பாலிஷ்களில் அது உண்டு. அச்சில் அடித்து வளைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அதன்மேல் அம்மோனியா தொடர்ந்து பட்டால் எந்த அடியும் படாமலே விரிந்துவிடும். இதை உலகம் முதலில் கவனித்ததே இந்தியாவில்தான். மழைக்காலத்தில் பிரிட்டிஷ் படையினர் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் போட்டு வைத்தார்கள். வெயில் திரும்பியபின் எடுத்துப் பார்த்தால் தோட்டா உறைகள் விரிந்திருந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் உலோகத்தின் உள்ளிறுக்கமும் சேர்ந்ததன் விளைவு அது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. தோளில் குத்தும் பித்தளை எழுத்துகள், வளைந்த காலர் பேட்ஜ்கள் இவற்றில் வளைவின் மேல்முகட்டை லென்ஸில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் பாலிஷை அன்றோடு நிறுத்துங்கள், வளைவை நிமிர்த்த முயலாதீர்கள்.

பேட்ஜ் கறுப்பாக இருக்கிறது

கைவைக்கும் முன் நிதானிக்க வேண்டிய இடம் இது. ரைஃபிள் படைப்பிரிவுகள் பலவற்றின் பேட்ஜ்கள் கறுப்பாகவே செய்யப்பட்டவை. கிங்ஸ் ராயல் ரைஃபிள் கார்ப்ஸ் பேட்ஜும், கூர்க்கா ரைஃபிள்ஸ் பேட்ஜ்களில் பலவும் அப்படித்தான். எதிரிக்கு மினுங்கிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பழைய மரபின் தொடர்ச்சி. அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் பேட்ஜின் மதிப்பும் கூடவே போய்விடும். அதிகாரிகள் களச்சீருடையில் அணிந்த வெண்கல நிற பேட்ஜ்களும் கருஞ்சாக்லெட் நிறத்தில்தான் இருக்கும். அதுவும் செயற்கையாக ஏற்றிய நிறமே, அழுக்கு இல்லை.

உண்மையான வெள்ளி கறுத்திருந்தால் அது கந்தகம். பேட்ஜைக் கம்பளித் துணியில் குத்தி வைத்திருப்பார்கள், அல்லது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார்கள். காரணத்தை அகற்றுங்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும், வெள்ளியை அது ஒன்றும் செய்துவிடாது.

இரண்டு நிறம் இருக்க வேண்டிய பேட்ஜ் ஒரே நிறத்தில் இருக்கிறது

பிரிட்டிஷ் பேட்ஜ்களில் பல, பித்தளையும் வெள்ளை உலோகமும் சேர்ந்தவை. வெள்ளை உலோகம் என்பது நம்மூரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிறோமே, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதுதான். முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், சிக்கனம் கருதி இத்தகைய பேட்ஜ்களை முழுப் பித்தளையிலேயே அடித்தார்கள். ஆகவே ஒரே நிறம் என்றாலே போலி இல்லை. சரியான 1916 பேட்ஜ் சாதாரணத்தைவிட விலையும் கூடுதலாகப் போகும். அதனால்தான் அதற்கும் போலி வந்துவிட்டது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. வெள்ளைப் பகுதியின் முகடுகளில் மஞ்சள் எட்டிப் பார்த்தால் அது வெள்ளை உலோகம் இல்லை, பித்தளையின் மேல் பூசிய முலாம். ஜெர்மன் சில்வர் எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான்.

கிரீடமும் படைப்பிரிவும் பொருந்தவில்லை

போலியைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. லென்ஸ்கூட வேண்டாம், வரலாறு தெரிந்தால் போதும்.

விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்தார். அவர் காலத்துப் பேட்ஜ்களில் கிரீடத்தின் வளைவுகள் தட்டையாகப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். அதன்பின் ஏழாம் எட்வர்டு முதல் ஆறாம் ஜார்ஜ் வரை நான்கு மன்னர்கள் காலத்துக்கும் உருண்டு உயர்ந்த வளைவுள்ள கிரீடம். 1952 பிப்ரவரியில் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியபின் வளைவின் உச்சி நடுவில் உள்வாங்கிய கிரீடம் வந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பழைய கையிருப்பு சில வருடம் புழக்கத்தில் இருந்தது. இப்போது மூன்றாம் சார்லஸ் 2022இல் மீண்டும் உருண்ட வளைவுக் கிரீடத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார். எனவே உருண்ட கிரீடத்தைப் பார்த்ததும் 1952க்கு முந்தையது என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்தியப் படையில் கிரீடம் 1950 ஜனவரி 26 அன்று குடியரசு ஆனபோது விடைபெற்று, அசோகரின் சிங்கங்கள் வந்தன. 1947 ஆகஸ்டோடு கிரீடம் போய்விட்டது என்று நினைப்பது தவறு, அந்த இடைக்காலத்திலும் அதுதான். பாகிஸ்தான் குடியரசானது 1956இல், இலங்கை 1972இல். அதனால் 1950க்குப் பிந்தைய கிரீட பேட்ஜ் அந்த நாடுகளுடையதாக இருக்கலாம். அதிகாரிகளின் தோள் நட்சத்திரத்திலும் இதே கதை. பிரிட்டிஷ் நட்சத்திரம் பொதுவாக ஆர்டர் ஆஃப் த பாத் விருதின் வடிவம், நடுவில் சின்னக் கிரீடங்கள் இருக்கும். நம்முடையது எளிய ஐந்து முனை நட்சத்திரம்.

அடுத்து படைப்பிரிவின் ஆயுள். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் அயர்லாந்துடையது, வேர் நம்மூர். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வைத்திருந்த ஐரோப்பியப் படைப்பிரிவின் வாரிசு அது, பேட்ஜில் யானையும் புலியும் இருக்கும். 1881இல் அந்தப் பெயர் பெற்றது, 1922 ஜூலை 31 அன்று கலைக்கப்பட்டது. அந்தப் பெயரில் பிளாஸ்டிக் பேட்ஜோ அலுமினிய பேட்ஜோ யாராவது நீட்டினால் பேச்சே வேண்டாம். அந்தப் பொருள்களில் பேட்ஜ் வருவதற்குப் பல வருடம் முன்பே படைப்பிரிவு போய்விட்டது.

யானை இருப்பதாலேயே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று முடிவுகட்டுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் அசாயேவில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் படையை வென்றார். அந்தப் போரின் நினைவாக யானைச் சின்னம் பலருக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி பேட்ஜிலும் யானையும் ‘அசாயே’ என்ற எழுத்தும் உண்டு. டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ் ரெஜிமென்டின் காலர் பேட்ஜில் அம்பாரி சுமந்த யானை, ஆனால் அதில் உள்ள எழுத்து ‘ஹிந்துஸ்தான்’, அசாயே இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் யானையின் பின்னால் குறுக்கு வாள்கள் இருக்கும், யானை கேடயத்தின் மேல் நிற்கும். அந்தப் பெயரில் படைப்பிரிவு மறுபடி திரட்டப்பட்டது 1941இல், இன்று அதன் மையம் நீலகிரியின் வெலிங்டனில். யானையைப் பார்த்ததும் அம்பாரி இருக்கிறதா, எழுத்து என்ன, வாள் இருக்கிறதா என்று இந்த மூன்றையும் பாருங்கள்.

பின்பக்கம் புதிதாக இருக்கிறது, அல்லது கொக்கி இடம் மாறியிருக்கிறது

பேட்ஜைத் தொப்பியில் பொருத்த இரண்டு வழிகள் பொது. ஒன்று, பின்னால் பற்றவைத்த இரண்டு வளையங்கள், அதாவது லக். அவற்றின் ஊடாகக் காட்டர் பின், அதாவது இரண்டாகப் பிளந்த கம்பி ஊசி, போகும். இன்னொன்று ஸ்லைடர். செங்குத்தாகக் கீழே நீளும் தட்டையான தகடு, தொப்பியின் வெட்டில் நேராகச் செருகலாம். ஸ்லைடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலானது. ஆகவே விக்டோரியா கிரீடத்தோடு ஸ்லைடரும் சேர்ந்து வந்தால் இன்னும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஆனால் லக் இருப்பதாலேயே பேட்ஜ் பழசு ஆகிவிடாது. காலர் பேட்ஜ்களில் லக் கடைசிவரை தொடர்ந்தது.

பற்றவைத்த இடம்தான் உண்மை பேசும். பழைய பற்றில் ஈயம் மங்கிச் சாம்பலாகி, சுற்றியுள்ள பித்தளையோடு ஒரே வயதாகத் தெரியும். பளபளவென்று வெள்ளி நிறக் குமிழாக, சுற்றிலும் சூடுபட்ட கறையோடு இருந்தால் சமீபத்து வேலை. அதோடு பழைய லக் இருந்த தழும்பு வேறு இடத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், அசல் பேட்ஜில் பிடிப்பு மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. போலி என்று தூக்கிப்போட வேண்டாம், விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

ஸ்லைடருக்குப் பதில் புடவை பின் மாதிரி ஊக்கு இருந்தால் அது வேறொரு வகை. போருக்குப் போனவர்கள் மனைவிக்கும் காதலிக்கும் தங்கள் படைப்பிரிவின் சின்னத்தை புரூச்சாகக் கொடுத்தார்கள். தொப்பி பேட்ஜைவிடச் சின்னதாக, பெரும்பாலும் எனாமல் பூசி நகையாகவே செய்யப்பட்டவை உண்டு. அசல் பேட்ஜிலேயே ஊக்கைப் பற்றவைத்துக் கொடுத்ததும் உண்டு. இரண்டாவது வகையை ராணுவப் பொருள் கெட்டுவிட்டது என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊக்கும் அந்தக் காலத்ததுதானே.

பின்பக்கம் சொரசொரப்பாக, மணல் படிந்தாற்போல் இருக்கிறது

பிரிட்டனில் தொழிற்சாலை பேட்ஜ்கள் எஃகு அச்சில் அடித்தவை. முன்பக்கத்தில் மேடாக இருப்பது பின்பக்கத்தில் பள்ளமாக, கூர்மையான விளிம்போடு தெரியும். வார்த்த பேட்ஜில் அந்தக் கூர்மை இருக்காது. பின்பக்கம் தட்டையாகவோ மழுங்கியோ இருக்கும், காற்றுக் குமிழ் விட்ட ஊசித்துளைகள் தெரியும். அசல் பேட்ஜை மண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். எனவே போலி அசலைவிட ஒன்றிரண்டு சதவீதம் சின்னதாக வரும். 45 மில்லிமீட்டர் உயரப் பேட்ஜில் அது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டருக்கு மேல். காலிபர் கையில் இருந்தால் ஒளிக்க முடியாத வித்தியாசம். இடைவெளி வெட்டிய பேட்ஜ்களில் அந்த ஓட்டைகளின் உள்சுவரைப் பாருங்கள். அச்சால் வெட்டியதில் செங்குத்தான கீறல்கள் இருக்கும், வார்ப்பில் சுவர் வழவழவென்று உருண்டிருக்கும்.

இவ்வளவும் இந்தியாவுக்கு வெளியே சரி. இங்கே ஒரு சிக்கல். இந்தியாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைகளும் இந்தியப் படைகளும் தேவைப்படும்போது கண்டோன்மென்ட் பஜாரில் இருந்த கன்னாரிடமே பேட்ஜ் செய்யச் சொன்னார்கள். அவர்கள் மண் அச்சில் வார்த்தார்கள், அரத்தால் விளிம்பைச் சரிசெய்தார்கள், கையால் வளைத்த லக்கைப் பற்றவைத்தார்கள். அவை அந்தக் காலத்திலேயே சிப்பாய்கள் தொப்பியிலும் தலைப்பாகையிலும் அணிந்த அசல் பேட்ஜ்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வார்ப்பு என்றாலே போலி என்று ஒதுக்கினால், இங்கு கிடைக்கும் நல்ல சரக்கு கையைவிட்டுப் போகும்.

எப்படிப் பிரிப்பது? தேய்மானத்தைப் பாருங்கள். தினமும் பாலிஷ் போட்டு அணிந்த பேட்ஜில் யானையின் நெற்றி, கிரீடத்தின் உச்சி, எழுத்துகளின் முகடு ஆகிய மேடான இடங்கள் மட்டும் மழுங்கி, பள்ளங்களில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். ஏற்கெனவே தேய்ந்த பேட்ஜை அச்செடுத்து வார்த்த போலியில் மேடு பள்ளம் எல்லாமே ஒரே அளவுக்குத் தெளிவிழந்திருக்கும். லக்கின் உள்வட்டத்தில் காட்டர் பின் உரசிய தேய்வும் பஜார் பேட்ஜில் இருக்கும். புதிதாக வார்த்து மண்ணில் புதைத்துப் பழசாக்கியதில் அது இருக்காது. யாரும் அதைக் கவனிப்பார்கள் என்று அந்த வேலை செய்பவர்கள் நினைப்பதில்லை.

தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதே, பின் என்ன சந்தேகம்?

பெயர் இருப்பது மட்டும் சாட்சியாகாது. பர்மிங்காமின் ஜே.ஆர். கான்ட் போன்ற பழைய நிறுவனங்களின் பெயர் அசலிலும் உண்டு, பிற்காலத்தில் பழைய அச்சிலேயே சேகரிப்பாளர்களுக்காக அடித்த மறுபதிப்புகளிலும் உண்டு, போலிகளிலும் உண்டு. மறுபடி அடித்ததில் முன்பக்கம் அசலைப்போலவே இருக்கும், அச்சு அதுவேதான். அங்கேயும் ஸ்லைடரும் தேய்மானமும்தான் துணை.

கையில் எடுத்தால் கனமே இல்லை

மஞ்சளாகப் பளிச்சென்று, எப்போதும் மங்காமல் இருந்தால் அது நிறமேற்றிய அலுமினியம். 1950களில் பிரிட்டனில் வரத் தொடங்கியது. பாலிஷ் தேவையில்லை என்பதுதான் அதன் வசதி. அதற்குப் பாலிஷ் போட்டால் நிறம் உரிந்துவிடும். காந்தம் இங்கே உதவாது. பித்தளை, ஜெர்மன் சில்வர், அலுமினியம் எதுவும் ஒட்டாது. உடல் பகுதி காந்தத்தில் ஒட்டினால் மட்டும் இரும்பின் மேல் முலாம் பூசிய நினைவுப்பொருள் என்று சந்தேகப்படுங்கள். ஊக்குக் கம்பி ஒட்டினால் கவலை இல்லை, அது எஃகாக இருப்பது வழக்கம்.

பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ பிளாஸ்டிக் பேட்ஜ் கிடைத்தால் பொம்மை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகம் தட்டுப்பாடானபோது பிரிட்டனில் செல்லுலோஸ் அசிடேட்டில் பேட்ஜ் செய்தார்கள். பேக்லைட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அசிட்டோன் ஒரு துளி பட்டாலும் கரைந்துவிடும். வெயிலில் வைத்தால் வளையும். வினிகர் வாடை வந்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது, மற்ற பேட்ஜ்களின் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அமில ஆவி பித்தளையையும் பிடிக்கும்.

எனாமல் விரிந்திருக்கிறது அல்லது மஞ்சளாகிவிட்டது

சூளையில் சுட்ட அசல் எனாமல் கண்ணாடி. தொட்டால் குளிர்ச்சி, விரிந்தால் கண்ணாடித் துண்டாகத்தான் பெயரும், பல வருடத்திலும் மஞ்சளாகாது. மஞ்சளாகிறது, மேலே குமிழ்ந்து உலோகக் கோடுகளையும் மூடியிருக்கிறது என்றால் எபாக்சி ரெசின், பிற்காலத்தது. விரிந்த அசல் எனாமலைத் தண்ணீரில் போடாதீர்கள், நகைக்கடை அல்ட்ராசோனிக் இயந்திரத்திலும் போடக் கூடாது. நகப்பாலிஷால் நிரப்பிக் கொடுக்கிறார்கள் சிலர். வாங்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், நிரப்பிய இடம் மந்தமாகத் தெரியும்.

லக் ஒடிந்துவிட்டது

ஒடிந்ததை ஒரு பொட்டலத்தில் போட்டு பேட்ஜோடு வையுங்கள். பற்றவைக்கத் தரவேண்டாம். சூட்டில் முலாம் போகும், எனாமல் தெறிக்கும், பக்கத்து லக்கும் கழன்று வரும்.

சுத்தம் செய்து வைத்ததும் சில மாதத்தில் மறுபடி அதே நிலை

பேட்ஜில் குறை இல்லை, வைத்த இடத்தில்தான். நெகிழ்வான பிவிசி உறைகள் காலப்போக்கில் பிசுபிசுப்பான பச்சைக் குழம்பைப் பித்தளைமேல் கசியவிடும். நாணயம் சேகரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைக்கு மாறுங்கள். பச்சைக் கம்பளி விரித்த பலகை பார்க்க அழகு, ஆனால் கந்தகம். பிளைவுட் பெட்டியும் புதிய மரப்பெட்டியும் அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அது வெளியே போகாது. உலோக அலமாரியோ பாலிப்ரொப்பிலீன் டப்பாவோ மேல். வெறும் விரலால் தொடாமல் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை லேசாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு தடவலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சென்னை ஈரத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் கனத்த பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் வறுத்து நீலமாக்கி மறுபடி போடலாம். அந்த நீலம் கோபால்ட், ஆகவே சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

வெளிநாட்டு நண்பர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நானே சட்டையில் குத்திக்கொள்ளலாமா என்றும் யோசனை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்கள் தொல்பொருள் ஆகும். அவற்றை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க்கால பேட்ஜ்கள் எல்லாம் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பொட்டலம் கட்டித் தபாலில் போடும் முன் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். நூறு ஆண்டைத் தாண்டாததுதானா என்று சந்தேகமாக இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

இன்றைய ராணுவ பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போவது வேண்டாம். சிப்பாய் என்று மற்றவர்கள் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையோ சின்னமோ அணிவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 140ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. நோக்கம் இல்லை என்று நிரூபிக்கக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதைவிடச் சட்டகத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டுவது எளிது. மாட்டும் சுவர் சமையலறைப் பக்கமோ குளியலறைப் பக்கமோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.